கஸ்தோன் என்ற ஆமைக்கு வீடு தேடிய விடயம்

வில்லரே, மொன்றியல்
2004 பங்குனி, தவக்காலம்

சங்கைக்குரிய யோசெப் சுவாமி அவர்களுக்கு, உங்கள் அக்காளின் கணவன் சவிரிமுத்து மிகுந்த வணக்கத்துடனும் அதைவிட மிகுந்த மனக்கிலேசத்துடனும் எழுதிக்கொள்வது.

தேவகிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன். சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் தவக்காலத்தில் பொய் எழுதக்கூடாது என்பதால் விட்டுவிட்டேன். நீங்களும், மன்னாரில் உங்கள் பங்குச் சனங்களும், கோயில் கூரை வேலையும் நலமாக நடக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே பனி இன்னும் முழங்கால் மட்டும் கிடக்கிறது. ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவும் வேலை முன்போலவே போகிறது. கோப்பைகள் குறையவில்லை.

உங்கள் அக்காள் மாக்கிரட் ஸ்காபரோவிலிருந்து உங்களுக்கு ரெலிபோன் எடுத்து, "தம்பி சுவாமி, உங்கடை அத்தான் வீட்டுக்குள்ளை ஆமையைக் கொண்டுவந்து வைச்சுக்கொண்டு என்னைக் கலைச்சுப்போட்டார்" என்று அழுததாக மகள் ஜென்சி மூலம் அறிந்தேன். சுவாமி, இதில் ஆமை உண்மை. மற்றதெல்லாம் பொய். நான் கொண்டுவரவுமில்லை, அவளை வீட்டை விட்டுக் கலைக்கவுமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதை நீங்கள் பாவசங்கீர்த்தனமாக எடுக்க வேண்டாம். எனக்கு மன்னிப்பு வேண்டாம், ஒரு தீர்ப்பு வேண்டும். கேள்வி இதுதான்: விளங்காத பாசையில் ஒருவன் கொடுத்த வாக்கு, வாக்கா இல்லையா?

எங்கள் வீடு இரண்டு தட்டு என்பது உங்களுக்குத் தெரியும். கீழே நாங்கள், மேலே மடம் தெரேஸ் என்ற வெள்ளைக்காரக் கிழவி. புருசன் செத்துப் பல வருடம். நல்ல மனிசி, நல்ல கத்தோலிக்கச் சீவன். அவருக்குப் பிரெஞ்சு தவிர ஒன்றும் தெரியாது. எனக்குப் பிரெஞ்சில் வணக்கத்துக்குப் பொன்ஜூர், நன்றிக்கு மெர்சி, ஓமுக்கு வி என்ற மூன்றும், சமையலறையில் "கெதியா", "சுடுது", "உடைச்சது ஆர்?" என்ற மூன்றும் தெரியும். இவ்வளவையும் வைத்து நாங்கள் பதினொரு வருடம் சண்டையில்லாமல் வாழ்ந்தோம். ஒவ்வொரு நத்தாருக்கும், பாலன் பிறந்த நாளென்று, அவர் எங்களுக்கு ஒரு பெரிய இறைச்சிப் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்து தருவார். இந்த ஊரில் அதற்குத் தூர்ச்சியேர் என்று பெயர். மாக்கிரட் அதற்கு மேலே கட்டாச் சம்பல் வைத்துச் சாப்பிடுவாள். அந்தத் தூர்ச்சியேர்தான் என் குடும்பத்தைக் கெடுத்தது.

போன கார்த்திகைத் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் மடம் தெரேஸ் படியிறங்கி வந்து கதவில் தட்டினார். கதவு திறந்ததும் கதைக்கத் தொடங்கிவிட்டார். நீளமான கதை. நடுநடுவே "தொர்ச்சூ, தொர்ச்சூ" என்றார். நான் தூர்ச்சியேர் என்றே கேட்டேன், சுவாமி. நீங்கள் என்றாலும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள். "வி, வி, மெர்சி மடம்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்து "ப்ரொமி?" என்று கேட்டார். அதற்கு மட்டும் எனக்கு அர்த்தம் தெரியும், வாக்குத் தருகிறாயா என்று. சம்பளம் கூட்டுவது பற்றிக் கதை வரும்போதெல்லாம் எங்கள் சமையலறையில் அடிபடும் சொல் அது. "ப்ரொமி, ப்ரொமி" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். மனிசி அழுதேவிட்டது. ஒரு பணியாரத்துக்கு இந்தச் சனம் இவ்வளவு உருகுமா என்று நான் அதிசயப்பட்டேன். உள்ளே வந்து சொன்னபோது மாக்கிரட் பெருமூச்சு விட்டு, "பாவம், இந்தமுறை நேரத்தோடை தாறா. நத்தார் மட்டும் இருப்பனோ எண்டு பயப்பிடுறா போலை" என்றாள். பிரிட்ஜில் ஒரு தட்டு முழுக்க ஒதுக்கினோம். அதிலிருந்த மீன்குழம்பை இரண்டு நாளாக நானே தின்று முடித்தேன்.

சனிக்கிழமை காலையில் வாசலில் ஒரு சாமான் லொறி வந்து நின்றது. மடம் தெரேஸ் வீட்டை விட்டு முதியோர் இல்லத்துக்குப் போகிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். சாமான் ஏற்ற வந்த இரண்டு பேர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிவந்து நேரே எங்கள் குளிரறைக்குள் வைத்தார்கள். இங்கே பழைய வீடுகளில் முன்படிக்குக் கீழே ஹீற்றர் சூடு போகாத ஒரு சின்ன அறை இருக்கும், கிழங்கு வெங்காயம் வைப்பதற்கு. பெட்டியின் பருமனைப் பார்த்து, ஊருக்கே கொடுக்கலாம் போலிருக்கிறதே என்று நான் நினைத்தேன். மடம் தெரேஸ் வாசலில் நின்று விரலை நிமிர்த்தி என்னவோ மூன்று நான்கு தரம் கண்டிப்பாகச் சொன்னார். ஒரேயடியாகத் தின்று முடிக்காதே என்கிறார் என்று விளங்கிக்கொண்டு தலையாட்டினேன். பிறகு மாக்கிரட் பார்த்துக்கொண்டு நிற்க என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அதற்கு ஒரு தனிச் சண்டை நடந்தது. அதை எழுதவில்லை.

மாக்கிரட் கையில் கோப்பையும் கத்தியும். நான் பெட்டி மூடியைத் திறந்தேன். வைக்கோல். வைக்கோலை விலக்கினால் சோற்றுக் கோப்பை அளவில் ஓர் ஆமை. "ஐயோ மாதாவே" என்ற சத்தமும் கோப்பை உடைந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. உடனே கலியாணம் முடித்து ஸ்காபரோவில் இருக்கும் ஜென்சிக்கு ரெலிபோன் எடுத்தேன். அவள் இங்கே படித்தவள்தானே, பிரெஞ்சு தண்ணீர் மாதிரி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்பா, தொர்ச்சூ எண்டால் ஆமை. தூர்ச்சியேர் எண்டால் இறைச்சிப் பணியாரம். நீங்கள் எதுக்கு ஓமெண்டனீங்கள்?" என்றாள். அதுதான் மகளே எனக்கும் தெரியவில்லை என்றேன். பெட்டியில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அது ஆமையின் பெயர் என்றாள். கஸ்தோன்.

குளிரில் விறைத்துப்போய்க் கிடக்கிறதே, வாயில்லாச் சீவன் என்று இரக்கப்பட்டு, தூக்கிக்கொண்டுபோய்க் குசினியில் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தேன். மத்தியானத்துக்குள் கழுத்தை வெளியே நீட்டியது. நீட்டி மாக்கிரட்டைப் பார்த்தது. மனிசரைப் போல, ஒரு வட்டிக்காரனைப் போல, இமைக்காமல் பார்த்தது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காது" என்றாள். "நாங்கள் வேதக்காரர், உது சைவ ஆக்களின்ரை கதை" என்றேன். "கத்தியாலை வெட்டினால் சைவ ஆளுக்கும் இரத்தம் வரும், வேதக்காரனுக்கும் இரத்தம் வரும்" என்றாள். இதற்கு நீங்கள் குருமடத்தில் மறுமொழி படித்திருப்பீர்கள். நான் படிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹீற்றர் பழுதாகியது. அடுத்த கிழமை மாக்கிரட் வாசற்படியில் பனியில் சறுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அதற்கடுத்த கிழமை செயின்ட்-மிஷேலில் அவள் வேலைசெய்த தையல் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்த மாதத்திலிருந்து அங்கேதான் சேட்டுக் கொலர் தைத்தவள். முதலாளி மெசின்களை எல்லாம் வேறு நாட்டுக்கு அனுப்புகிறானாம். "ஆமை அந்தத் தொழிற்சாலையைக் கண்ணாலையும் கண்டதில்லையப்பா" என்றேன். "அது காணத் தேவையில்லை" என்றாள். பிறகு சில நாள் காலையில் வேலைக்குப் போகிறவளைப் போல எழும்பி, சீப்பால் தலை இழுத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருப்பாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருப்பாள். எதிரே ஆமை இருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் வேலையால் வந்தாலும் அதே இருப்பு. மார்கழி பிறக்கப் பெட்டி அடுக்கிவிட்டாள். "ஜென்சியின்ரை பிள்ளையைப் பாக்க ஆளில்லையாம். நான் போறன். உது வெளிக்கிட்ட பிறகு சொல்லுங்கோ, வாறன்." பஸ் நிலையத்தில் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதைத்தான் அவள் கலைத்தது என்கிறாள்.

சரி, ஆமையை அனுப்பிவிடுவோம் என்று நான் தீர்மானித்தேன். அனுப்புவது அவ்வளவு லேசென்றால் நான் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? வேலையிடத்தில் ஒருவன், மலைப் பூங்காக் குளத்தில் விட்டுவிட்டு வா என்றான். ஜென்சியிடம் சொன்னேன். சீறி விழுந்தாள். "ஒரு இரவிலை செத்துப்போகும் அப்பா. கோடையிலை விட்டாலும் பிழைதான். அது தரையாமை, நீந்தாது. இஞ்சத்தைப் பிராணியுமில்லை." நாங்களும்தான் இஞ்சத்தை இல்லை, நாங்கள் சாகவில்லையே என்றேன். "உங்களுக்கு ஹீற்றர் இருக்கு" என்றாள். அவள் கொம்பியூட்டரில் பார்த்துப் பார்த்து எனக்குக் கட்டளை தந்தாள்: வளர்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கொடுக்கவேண்டும், வாங்குகிறவர் வீட்டைப் போய்ப் பார்க்கவேண்டும், சூட்டு விளக்கு இருக்கிறதா, கீரை போடுவார்களா, நாய் இருக்கிறதா என்று கேட்கவேண்டும். உன்னைக் கட்டிக்கொடுக்கும்போதுகூட நான் இவ்வளவு விசாரிக்கவில்லை மகளே என்றேன். மிருகங்களைப் பொறுப்பெடுக்கும் இடங்களுக்கும் எடுத்துக் கேட்டேன். நாய், பூனை என்றால் கொண்டுவா, ஆமைக்கு இடமில்லை என்றார்கள்.

முதலில் வந்தவன் எங்கள் சமையலறையில் மரக்கறி வெட்டுகிற அருளம்பலம். "அண்ணை, ஆமை குடுக்கிறியளாம்?" என்றான். "ஓம், நல்ல இடமாய்ப் பாக்கிறன்" என்றேன். "என்ரை வீடு நல்ல இடம்தானே. எத்தினை கிலோ வரும்?" தீனி அளந்து போடத்தான் கேட்கிறானென்று எனக்குச் சந்தோசம். இரண்டு கிலோவுக்குக் கிட்ட வரும் என்றேன். "ஓட்டோடையோ, ஓடில்லாமலோ?" "ஓடில்லாமல் எப்பிடியடா நிறுக்கிறது?" என்றேன். "அதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றான். சுவாமி, ஆமை இறைச்சி விடயத்தில் நீங்களும் நானும் எந்தக் கடற்கரையில் பிறந்தவர்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் பெயர் வைத்த ஆமையை எப்படிக் கொடுப்பது? அருளம்பலம் இன்றைக்கும் என்னோடு முகங்கொடுத்துக் கதைப்பதில்லை.

பிறகு இரவிச்சந்திரன். செயின்ட்-மிஷேலில் பால், பியர், லொத்தர்ச்சீட்டு விற்கும் மூலைக்கடை வைத்திருக்கிறவன். இங்கே டெப்பனர் என்பார்கள். அவனுக்குச் சாமான் கொண்டுவரும் சீனாக்காரன், கல்லாவுக்குப் பக்கத்தில் ஆமை வடக்குப் பார்க்க இருந்தால் வியாபாரம் பெருகும் என்று சொல்லியிருக்கிறான். அதோடு அவன் சைவம். "அண்ணை, இது கூர்மாவதாரம். உங்கடை வேதத்திலை இல்லை" என்றான். எல்லாரும் தரித்திரம் என்று விரட்டுகிற சீவனை ஒருவன் சாமி என்று கும்பிட்டு ஏற்கிறான், இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? விளக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. நாய் இல்லை. மாக்கிரட்டின் கம்பளிச் சால்வையால் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்து, பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு இரவு நல்ல நித்திரை. மாக்கிரட்டுக்கும் சொன்னேன். நத்தாருக்கு வருகிறேன் என்றாள்.

வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் போய்ப் பார்ப்பேன், ஜென்சியின் கட்டளை. முதல் கிழமை ஒரு குறையுமில்லை. அடுத்த கிழமை யாரோ ஒருவன் விளையாட்டாக லொத்தர்ச்சீட்டை ஆமையின் ஓட்டில் தேய்த்துவிட்டுப் போக, அவனுக்குச் சின்னப் பரிசு ஒன்று விழுந்துவிட்டது. மச்சான், அதற்குப் பிறகு கடைவாசலில் வரிசை! வெள்ளை, கறுப்பு, சீனன், தமிழன் என்று சாதி சமய பேதமில்லாமல் சனம் சீட்டோடு நிற்கிறது. விழாதவன் திரும்பி வந்து ஓட்டில் காசால் தட்டிக் கோபத்தைத் தீர்க்கிறான். ஒருவன் உருளைக்கிழங்குப் பொரியல் ஊட்டுகிறான். இரவிச்சந்திரன் கற்பூரம் கொளுத்தி வைத்திருக்கிறான். கஸ்தோன் தலையை உள்ளே இழுத்தது இழுத்ததுதான். "இரவிச்சந்திரன், இது ஒண்டும் சாப்பிடுதில்லை" என்றேன். "அண்ணை, விரதம்" என்றான். "ஆமைக்கு என்ன விரதமடா?" "வருசப் பிறப்புக்குப் பெரிய சீட்டிழுப்பு வருதண்ணை. அது மட்டும் இருக்கட்டும்." எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சால்வையில் சுற்றித் தூக்கிவிட்டேன். வரிசையில் நின்ற சனம் பிரெஞ்சில் என்னை ஏசியது. விளங்காதது நல்லதாய்ப் போயிற்று. வாசலில் ஒரு கிழவி வழிமறித்து, கடைசியாக ஒருதரம் என்று கெஞ்சினா. தேய்க்கவிட்டேன். இப்படித்தான் நத்தாருக்கு இரண்டு நாளுக்கு முதல் ஆமை திரும்ப வீட்டுக்கு வந்தது, மாக்கிரட் வராமல் விட்டாள். (சுவாமியை மச்சான் என்று எழுதிவிட்டேன், மன்னிக்கவும். மனம் கொதித்தால் கை பிசகுகிறது.)

சாமப் பூசைக்குத் தனியாகப் போனேன். திருநாளன்று கஸ்தோனுக்குக் கீரை, எனக்குப் பாண். தூர்ச்சியேர் தர மேலே ஆளில்லை.

தை மாதம், ஜென்சி சொல்லி நான் வாங்கி வைத்திருந்த சூட்டு விளக்கு எரிந்துபோக, புதிது வாங்கும் மட்டும் வைக்கோல் சூடு போதும் என்று ஆமையைக் குளிரறைப் பெட்டியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அசைவில்லை. கண் மூடியிருக்கிறது. காலைத் தொட்டால் ஐஸ் கட்டி. கூப்பிட்டேன். தட்டினேன். முடிந்துபோயிற்று என்று விளங்கியது. எனக்கு அழுகை வந்தது என்பதை நீங்கள் அக்காளுக்கு எழுத வேண்டாம். ரெலிபோனில், "மாக்கிரட், அது செத்துப்போச்சு" என்றேன். "குளிருக்கை விட்டிட்டியளோ?" என்றாள். "ஓம்." "என்ன மனிசனப்பா நீங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பத்து நிமிசத்தில் திரும்ப எடுத்து, சனிக்கிழமை பஸ்ஸுக்கு ரிக்கற் போடுகிறேன் என்றாள். புதைக்கலாம் என்றால் நிலம் கருங்கல் மாதிரி உறைந்து கிடக்கிறது. இங்கே மனிசரையே சில இடங்களில் பனி இளகும் மட்டும் வைத்திருந்துதான் புதைப்பார்கள். பெட்டிக்கு மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு, ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொன்னேன். ஆமைக்குச் சொன்னது பாவமா என்பதையும் உங்கள் மறுமொழியில் சேர்த்து எழுதவும்.

மடம் தெரேசுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? "கஸ்தோன் எ மோர்" என்று சொல்ல வேண்டும் என ஜென்சி பழக்கினாள். கஸ்தோன் செத்துவிட்டது என்று அர்த்தம். மெற்றோ வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்திலிருந்த ஆள் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டான். மனிசி சன்னலுக்குப் பக்கத்தில் சாய்கதிரையில், போர்வைக்குள் ஒரு குருவி மாதிரி இருந்தா. என்னைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்த விதம்! அங்கே அவவைப் பார்க்க வேறு யாரும் வருவதாகத் தெரியவில்லை. "மடம், கஸ்தோன்..." என்றேன். மிச்சம் வரவில்லை. அவர் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டி, "தோ?" என்றார். நித்திரையா என்கிறார். கோழை நான், "வி" என்றேன். அவர் கைகொட்டிச் சிரித்து, கட்டில் தலைமாட்டில் செருகியிருந்த குருத்தோலையைக் காட்டி, "பாக், பாக்" என்றார். உயிர்த்த ஞாயிறு. அடடா, இந்த மனிசிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, ஆமையும் உயிர்த்தெழும் என்று விசுவாசிக்கிறா, என்ன விசுவாசம் என்று நான் சிலுவை அடையாளம் போட்டேன். பிறகு மேசை லாச்சியிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். செத்துப்போன கிழவன் பனித்தொப்பியோடு அதே மரப்பெட்டிக்குப் பக்கத்தில், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார். அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. ஆமை சாகவில்லை. குளிர் காலம் முழுக்க நித்திரை கொள்கிற சாதி. வீட்டுக்கு ஓடிவந்து வெள்ளைத் துணியை எடுத்தேன்.

மாக்கிரட்டுக்குச் சொன்னேன். "சாகேல்லையாம். ஈஸ்ரர் மட்டும் நித்திரையாம்." "அப்ப நான் ரிக்கற் போட்டது?" என்றாள். "நித்திரை எண்டாலும் வீட்டுக்குள்ளைதானே கிடக்கு" என்று சொல்லி ரிக்கற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். செத்த ஆமைக்கு வருகிறவள் உயிரோடிருக்கும் ஆமைக்கு வரமாட்டாளாம். இந்த நீதியை நான் எங்கே போய்ச் சொல்ல?

இப்போது கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டேன். ஜென்சி கொம்பியூட்டரில் தேடி லவாலில் ஓர் ஆளைப் பிடித்திருக்கிறாள். மிசியே பெனுவா. ஆமைகளுக்கென்றே கண்ணாடி வீடு கட்டி வைத்திருக்கும் மனிதர், இங்கிலிசும் கதைக்கிறார். போன ஞாயிறு வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுக் குளிரறைக்குள் போனார், நாங்கள் நோயாளி வீட்டுக்குள் போகிற மாதிரி. மெதுவாகத் தூக்கி நிறுத்துப் பார்த்து, "உடம்பு நல்லாய் வத்திப்போச்சு" என்று என்னைப் பார்த்த பார்வையில் நான் கூசிப்போனேன். எழும்பிய பிறகு மாதக்கணக்காகக் கவனமாய்த் தீனி போட்டால்தான் தேறுமாம். உயிர்த்த ஞாயிறு கழிய வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு வானம் திறந்தது. கதவடியில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார்: "இது உங்கடை ஆமைதானே? குடுக்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்குத்தானே?"

சுவாமி, எனக்குத் தெரியாது. அதுதான் என் முழு வயிற்றெரிச்சலும். சாகும் மட்டும் வைத்துப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேனா, நல்ல இடம் பார்த்துக் கொடுக்கிறேன் என்று கொடுத்தேனா? இந்தச் சாதி நூறு வயசு மட்டும் கிடக்குமாம், எனக்கு இப்போதே முழங்கால் மடங்குதில்லை. ஜென்சியைக் கொண்டு மடம் தெரேசிடம் கேட்டால் ஒரு நிமிசத்தில் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதான் பயம். "என்ரை கஸ்தோனைத் தள்ளிவிடப் பாக்கிறாய்" என்று அந்தக் கிழவி அந்தச் சன்னலோரத்தில் இருந்து அழுதால் அதை யார் பார்ப்பது? ஆகையால் ஜென்சியைக் கேட்கவே கூடாது என்று தடுத்து வைத்திருக்கிறேன். விளங்காமல் கொடுத்த வாக்கு செல்லாது என்று நீங்கள் ஒரு வரி, கோயில் கடிதத்தாளில், கையொப்பத்தோடு எழுதி அனுப்பினால் போதும். ஆமை லவாலுக்குப் போகும். மாக்கிரட் வில்லரேக்கு வருவாள். அவளுக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதி, ஆமைக்கும் தொழிற்சாலைக்கும் சம்பந்தமில்லை என்று குருவானவராக எடுத்துச் சொல்லவும். புருசனாகச் சொல்லி நான் களைத்துவிட்டேன்.

உங்கள் பங்குச் சனங்கள் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும். கூரைக்குச் சிறு காணிக்கை அடுத்த மாதம் அனுப்புவேன். பூசையில் பாத்திரத்தை உயர்த்தும்போது, இங்கே பாத்திரம் கழுவுகிற ஒருவனையும் நினைத்துக்கொள்ளவும். நீங்கள் என்னைவிட வயதில் இளையவர் என்றாலும் குருவானவர் என்பதால் உங்கள் ஆசீரை முழங்காலில் நின்று, முடிந்த அளவு மடக்கி, கேட்கிறேன்.

ஆண்டவரில் வாடியிருக்கும்,
சவிரிமுத்து

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி முத்திரையும் குத்திய பிறகு ஜென்சி ரெலிபோன் எடுத்தாள். ஒட்டியதைக் கிழித்து இதை எழுதுகிறேன். நான் தடுத்திருந்தும் அவள் கேட்காமல் நேற்று மடம் தெரேசோடு கதைத்துவிட்டாள். மேலே எழுதியதெல்லாம் வீண், சுவாமி. மனிசி ஆமையை எனக்குத் தரவேயில்லை. அவவின் தமையனுடைய பேத்தி ஒருத்தி மிருக வைத்தியம் படிக்கிறாளாம். உயிர்த்த ஞாயிறு கழிய அவள் வந்து எடுத்துப்போவதாக அப்போதே ஒழுங்கு. அதுவரைக்கும் பெட்டி உங்கள் குளிரறையில் இருக்கட்டும், கஸ்தோன் நித்திரை தொடங்கிவிட்டான், தயவுசெய்து திறக்கவேண்டாம், தொடவேண்டாம், சூட்டுக்குக் கொண்டுபோகவேண்டாம் என்பதுதான் அவர் கேட்டது. நான் நெஞ்சில் கை வைத்துக் கொடுத்த வாக்கு அது. ஒன்றுமே செய்யாமல் இருக்கவேண்டும் என்ற வாக்கு. அதை நான் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, கற்பூரம் காட்ட விட்டு, பட்டினி போட்டு, அதற்குச் செபமும் சொல்லியிருக்கிறேன். ஆகவே தீர்ப்பு எழுத வேண்டாம். மிசியே பெனுவாவுக்கும் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

மாக்கிரட்டுக்கு எடுத்து, எல்லாம் முடிந்தது, உயிர்த்த ஞாயிறு கழியப் பேத்தி வந்து கொண்டுபோகிறாள், நீர் அதற்குப் பிறகு வந்தால் போதும் என்றேன். "வைத்தியம் படிக்கிற பிள்ளையோ? நிறுத்துப் பாப்பாளோ?" என்று கேட்டாள். பார்ப்பாள் என்றேன். "உது வத்திப்போய்க் கிடக்கெண்டு அந்த லவால் மனிசன் சொன்னதாய் ஜென்சி சொன்னாள்." ஓம் என்றேன். என்னில் பாய்ந்துவிட்டாள். "எங்கடை வீட்டிலை ஒரு பனிக்காலம் நிண்டது எலும்பும் தோலுமாய்ப் போறதோ? அந்தச் சனம் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்? தமிழாக்கள் பட்டினி போட்டவை எண்டு கதை வராதோ? அது உடம்பு தேறாமல் ஒருத்தரும் கொண்டுபோகக் கூடாது, சொல்லிப்போட்டன். அந்தப் பிள்ளையைக் கோடை கழிய வரச்சொல்லுங்கோ." ஆமை புகுந்த வீடு என்று நான் தொடங்கினேன். "புகுந்ததுதான் புகுந்திட்டுது, இனி மெலிஞ்சு போனால்தான் வெக்கம்" என்றாள். மருமகனிடம் சொல்லிச் சனிக்கிழமை பஸ்ஸுக்கு ரிக்கற் போட்டாயிற்று. ஸ்காபரோவில் முருங்கைக்கீரை வாங்கலாமாம், எழும்பும்போது போட ஒரு பெட்டி நிறையக் கொண்டுவருகிறாள். நான் அதுவரைக்கும் குளிரறைக் கதவைத் திறக்கவும் கூடாதாம்.